வலி போகிற வரைக்கும்

இனிமேல் வியாழக்கிழமைகளில் பழவேற்காட்டுக்கு யாரும் போகப்போவதில்லையாம். முழங்கால் தேய்மானத்துக்கான பயிற்சிகளைப் படம்பிடித்து செல்போனுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். பார்த்துச் செய்துகொள்ள வேண்டியதுதான். என்னிடம் வேலை பழகிய பிள்ளைகள் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, "மேடம், கூடவே போட உங்க சர்வீஸ்ல ஒரு சக்சஸ் கேஸ் எழுதிக் குடுங்க, ரெண்டு பக்கம் போதும்" என்றார்கள்.

படத்தைப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளைவெளேரென்று ஓர் அறை, கட்டில், மெத்தை, அதன்மேல் வலி என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பெண். காலைத் தூக்கு, பத்து எண்ணு, இறக்கு. எல்லாம் சரிதான். எனக்கும் சக்சஸ் கேஸ்கள் உண்டு. ஆனால் பேனாவை எடுத்தால் கன்னியம்மாதான் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ரெண்டு பக்கத்தில் அவள் அடங்கமாட்டாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிசியோதெரபி படித்தது சென்னையில். எலும்பு, தசை, நரம்பு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து நல்ல மார்க் வாங்கினேன். அதைப்பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பொன்னேரிப் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதன் பெயர் இப்போது எதற்கு? எங்கள் பிரிவில் இரண்டே பேர், வேதமூர்த்தி சாரும் நானும். ஒரு நீளமான அறை, பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கம்பிகள், ஒத்தடத்துக்கு மெழுகு உருக்கும் தொட்டி, தோளுக்குப் பயிற்சியாகச் சுற்ற சுவரில் ஒரு சக்கரம்.

வேதமூர்த்தி சார் நோயாளியின் முகத்தை முதலில் பார்க்கமாட்டார். குதிகாலைப் பார்ப்பார். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் வெடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே வருவார். முட்டியைத் தொடுவதற்குமுன் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். "சில்லுனு கை வெச்சா தசை பயந்துக்கும் வசந்தா. பயந்த தசைகிட்ட என்ன கேட்டாலும் பொய்தான் சொல்லும்" என்பார். பயிற்சி சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் அவரே வாய்விட்டு எண்ணுவார். ஏழு, எட்டில் அவசரப்பட்டு அவர் தாவி நான் பார்த்ததில்லை.

அவ்வளவு நல்ல மனிதரிடம் ஒரு காகிதம் இருந்தது. 'கூடாதவை' என்று தலைப்புப் போட்டு அவரே எழுதி, கையால் உருட்டும் மெஷினில் நகலெடுத்து, மேஜை டிராயரில் கட்டுக்கட்டாக வைத்திருப்பார். குந்தக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. முட்டி போடக் கூடாது. மாடிப்படி கூடாது. எத்தனை நாளைக்கு என்று நோயாளி கேட்டால் தேதி சொல்லக் கூடாது என்பது எனக்கு அவர் போட்ட உத்தரவு. "தேதி சொன்னா தேதியைத்தான் எண்ணிட்டிருப்பாங்க. வலி போற வரைக்கும்னு சொல்லு." நானும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டேன்.

வியாழக்கிழமைதோறும் பழவேற்காட்டில் முகாம். டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு ஓர் அறை. கல்லறை வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். பஸ் வரும்வரை சார் அதன்முன் நின்று, "இவன் முட்டியைப் பாரு, சில்லே தெரியல. செதுக்கினவன் நம்ம கிளாஸுக்கு வரல" என்று அலுக்காமல் அதே ஜோக்கைச் சொல்வார். நானும் அலுக்காமல் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் பொன்னேரி போகிற வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே!

அந்த அறைக்குத்தான் கன்னியம்மா வந்தாள். ஏரிக்கரைக் காலனியிலிருந்து, கைத்தடி இல்லாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். ஐம்பது வயதிருக்கும், என் அம்மாவின் வயசு. நான் அவளை நீ என்றுதான் கூப்பிட்டேன். தர்ம ஆஸ்பத்திரியில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டோம். அவள் என்னை டாக்டரம்மா என்றாள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அவளுக்கு வேலை ஏரியில். வலை கிடையாது, படகு கிடையாது. அந்தக் காலனிப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, உட்கார்ந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஒரு பனையோலைப் பறி, கூடை மாதிரி. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் சேற்றில் இருக்கவேண்டுமே. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அவள், "தண்ணியில உக்காந்து கையால எறா புடிக்கிறதுமா" என்றாள். நான் சீட்டில் 'முட்டி போட்டுச் செய்யும் வேலை' என்று எழுதிக்கொண்டேன்.

சோதனையை முறைப்படி செய்தேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. சில்லுக்கு நாலு விரல் மேலே டேப் சுற்றித் தொடையின் பருமனை அளந்தேன். இரண்டு தொடையும் நன்றாகத் திரண்டிருந்தன. அந்த அளவு தேய்ந்த முட்டிக்கு அப்படித் தொடை இருக்காது. ஏன் இப்படி இருக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். கோணமானி வைத்து எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று பார்த்தேன். முட்டிமேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக மடக்கி நீட்டினால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி நறநறத்தது. இரண்டு காலும் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருந்தன.

"இனிமே தண்ணியில இறங்கக் கூடாது. முட்டி போடவே கூடாது" என்று காகிதத்தைக் கையில் கொடுத்தேன்.

"தண்ணியில எறங்கிட்டா வலி தெரியாதுமா. கரை ஏறினாதான் புடிச்சிக்கும்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. கட்டட வேலைக்குப் போறவ சித்தாள் வேலையில வலி தெரியலங்குறா. மாவாட்டுறவ ஆட்டும்போது தெரியலங்குறா."

"அய்ய, நெசமா சொல்றேம்மா. தண்ணி தூக்கிக்கும்."

தண்ணி தூக்கிக்கும். மூன்று வருஷம் புத்தகத்தில் படித்ததை அவள் இரண்டே வார்த்தையில் சொன்னாள். உடம்பின் எடையைத் தண்ணீர் தாங்கும், மூட்டில் பாரம் இறங்காது, தசைக்கு மட்டும் வேலை. பரீட்சையில் இதற்குப் பதில் எழுதி மார்க் வாங்கியவள் நான். ஆனால் எனக்கு அன்று காதில் விழுந்தது வேறு. இவள் காகிதத்தைக் கூரையில் செருகிவிட்டு நாளைக்கே தண்ணீரில் இறங்கிவிடுவாள் என்றுதான் தோன்றியது. எனக்குக் கோபம் சட்டென்று வரும், இன்றைக்கும் அப்படித்தான். கெட்டிக்காரத்தனமும் கூடவே வந்தது.

"உங்க கன்னிமார் மேல சத்தியம் பண்ணு. வலி போற வரைக்கும் ஏரித் தண்ணியில கால் வைக்க மாட்டேன்னு சொல்லு."

சிரித்துக்கொண்டிருந்தவள் சிரிப்பை நிறுத்தினாள். அந்தக் காலனிக்காரர்களுக்குக் கன்னிமார்தான் எல்லாம். கரையில் ஒரு பனைமரத்தடியில் மஞ்சள் பூசிய ஏழு கல். தண்ணீரில் இறங்குமுன் அங்கே கும்பிடாமல் இறங்கமாட்டார்கள். எனக்கு அதெல்லாம் அரைகுறையாகத் தெரியும். பேரைச் சொன்னால் பயப்படுவாள் என்கிற அளவுக்குத் தெரியும்.

"கண்டிப்பா பண்ணணுமாமா?"

"பண்ணாதான் நான் உனக்கு வைத்தியம் பாப்பேன்."

"வாயால சொன்னா செல்லாதுமா" என்றாள். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான், இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வியாழக்கிழமை முதல் ஆளாக வந்து வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் கருகிய வட்டம். ஏழு கல்லுக்கு முன்னால் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்து, சத்தியம் பண்ணிவிட்டு வந்திருந்தாள். "வலி போற வரைக்கும்னு நீ சொன்னாமேரியே சொல்லிட்டேம்மா" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் வேதமூர்த்தி சாரிடம் சொன்னேன். "பேஷ்! ஒரு பேஷன்ட் இப்படி நம்ம சொல் கேட்டு நான் பார்த்ததில்ல" என்றார்.

அதன்பிறகு அவள் சொன்னதையெல்லாம் செய்தாள். பழைய வலைத்துண்டை உருட்டி முட்டிக்கடியில் வைத்து, அதைக் கீழே அமுக்கி, சில்லை மேலே இழுத்துப் பத்து எண்ணுவாள். காலை நீட்டித் தூக்கிப் பத்து. கணுக்காலில் மணல் பை கட்டிப் பத்து. காலையும் மாலையும் ஒரு நாள் விடவில்லை என்று அவள் மகள் செல்வி சொன்னாள். ஆனால் மூன்று மாதம் கழித்து டேப்பைச் சுற்றினால் தொடை இளைத்திருந்தது. நான் தப்பாக அளந்துவிட்டேன் என்று மறுபடி சுற்றினேன். நாலாவது மாதம் இன்னும் இளைத்தது. நடை இன்னும் கோணியது. "ஒழுங்கா செய்றியா, இல்ல என்னை ஏமாத்துறியா?" என்று கத்தினேன். அவள் என் கண் முன்னாலேயே காலைத் தூக்கிப் பத்து எண்ணிக் காட்டினாள். கால் நடுங்கியது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் வீடு எங்கள் முகாம் அறையிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆறு மாதம் நான் அங்கே போனதில்லை. ஒரு வியாழக்கிழமை அவள் வரவில்லை என்று போனேன். காலனி முனையிலேயே எதிரே வந்தாள். தலையில் சவுக்கு விறகுக் கட்டு. முட்டி இரண்டும் வெளியே பிதுங்கி வளைய, ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று வந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டை இறக்க முடியாமல் அப்படியே நின்றாள். நான் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன். அதன் கனம் எனக்கே முதுகைப் பிடுங்கியது.

"இது இன்னா கன்னியம்மா?"

"விறகுமா. தெனம் ரெண்டு நடை."

"எதுக்கு?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சோத்துக்குத்தாம்மா. தண்ணியில போவக் கூடாதுன்னு சொல்லிட்ட இல்ல?"

தண்ணீருக்குப் போகாதே என்று சொன்னேன். அடுப்பு எரிய அவள் என்ன செய்வாள் என்று கேட்கவில்லை. தண்ணீருக்குப் போகாவிட்டால் ஓய்வாக இருப்பாள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அங்கே கரையில் நின்று பார்த்தேன். ஏரிக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். மார் வரைக்கும் தண்ணீர், வாயில் பறி. சேற்றில் முட்டி ஊன்றியும் ஊன்றாமலும் தொடையால் தள்ளித் தள்ளி, மணிக்கணக்கில். அதில் இரண்டு பேர் கன்னியம்மாவைவிட மூத்தவர்கள். என் பயிற்சி காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம். நான் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது அந்த மணிக்கணக்கை. அவளுடைய தொடை ஏன் திரண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது.

"கன்னியம்மா, நான் சொன்னது தப்பு. நாளைக்கே தண்ணியில இறங்குங்க." முதல்தடவையாக எனக்கு 'ங்க' வந்தது.

"வலி போவலையேம்மா" என்றாள்.

அடுத்த வாரம் வேதமூர்த்தி சாரைக் கூட்டிக்கொண்டு போனேன். எலும்புக்கூட்டுத் தூணைக்கூடப் பார்க்காமல் கடந்தார். அவள் வீட்டு வாசலில் மண்ணில் உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். "இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. அந்த வார்த்தை என்னுது. நான் வாபஸ் வாங்கிக்கிறேன். நீங்க தண்ணிக்குப் போங்க" என்றார்.

"நீங்க வாங்கிக்கலாம் சார். சூடத்த அணைச்சது என் கை இல்ல? அவளுங்க ஏழு பேரும் கேட்டுக்கினு இருந்தாளுங்க."

"அப்போ வலி போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்று நான் கெஞ்சினேன்.

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் இப்படிக் கேட்டுவிட்டேனே என்று வருத்தமாகக் கேட்டாள்.

காலனிப் பெரியவர்களைப் பிடித்துக் கேட்டுப் பார்த்தோம். சத்தியம் பண்ணியவள்தான் தீர்க்கணும், நாங்கள் தலையிட முடியாது என்றுவிட்டார்கள். ஊர் திரும்பியதும் சார் டிராயரைத் திறந்து அந்தக் காகிதக் கட்டுகளை எடுத்தார். கிழித்து எறிவார் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. ஒவ்வொரு தாளின் மறுபக்கத்திலும் தன் கையெழுத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுத ஆரம்பித்தார்: 'இதைச் செய்யாவிட்டால் வேறு என்ன செய்வீர்கள்?' அன்று சாயங்காலம் வரைக்கும் எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த நோயைப்பற்றி உங்களுக்குத் தெரியும். தேய்ந்தது தேய்ந்ததுதான். பயிற்சியால் வலி குறையும், நடை தேறும், நன்றாகவே வாழலாம். ஆனால் அடியோடு போய்விடும் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கும் இது அந்த முதல் நாளே தெரியும். தெரிந்துதான் "வலி போற வரைக்கும்" என்றேன். முடிவே இல்லாத ஒரு கெடுவைக் கொடுத்து, அதற்குச் சத்தியமும் வாங்கியிருந்தேன்.

அதன்பிறகு நான் அறைக்குள் உட்காரவில்லை. ஏரிக்கே போனேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முட்டிவலிக்காரப் பெண்களுக்கு அங்கேயே பயிற்சி சொன்னேன். பக்கவாட்டில் நடை, காலை முன்னே வீசு, பின்னே வீசு, உட்கார்ந்து எழு. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்துகூட வந்தார்கள். நீங்கள் கேட்ட சக்சஸ் கேஸ்கள் எல்லாம் அவர்கள்தான். கன்னியம்மாவை விறகு சுமப்பதிலிருந்து எப்படியோ நிறுத்தினேன். செல்வி தண்ணீருக்குப் போனாள், இவள் கரையில் இறாலைத் தரம் பிரித்தாள். உயரமான மணை, கைத்தடி, படிப்படியாகப் பயிற்சி. இளைத்த தொடை கொஞ்சம் மீண்டது. வலி பாதியானது, பிறகு கால்வாசியானது.

வியாழக்கிழமைதோறும் அவள் கரையில் மணைபோட்டு உட்கார்ந்திருப்பாள். தண்ணீருக்குள் நாங்கள் காலை வீசும்போது கரையிலிருந்து அவள்தான் எண்ணுவாள். "ஒண்ணு... ரெண்டு... ஏய் அஞ்சலை, ஏமாத்தாத, இன்னும் ஏழு ஆவல!" அவள் குரலுக்கு ஏரியே சிரிக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி வந்தால் மணையைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். அலை வந்து விரலைத் தொடுவதற்குள் காலைத் தூக்கிவிடுவாள். அந்தக் கால் தூக்குவதை நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வேன்.

முடித்துக் கரையேறியதும் கேட்பேன். "வலி எப்படி இருக்குது கன்னியம்மா?"

"கீதும்மா, கொஞ்சூண்டு."

ஒரு நாள், ஒரே ஒரு நாள், இல்லை என்று பொய் சொல்லமாட்டாளா என்றுதான் ஒவ்வொரு வாரமும் கேட்டேன். பதினோரு வருஷம் கேட்டேன். கன்னியம்மா பொய் சொல்லவில்லை. ஒரு தடவை மட்டும், நான் கேட்பதற்குமுன் அவளே என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி எப்பிடிக் கீதும்மா, வெதுவெதுன்னு கீதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ஒரு தை மாதக் காலையில் செல்வியிடமிருந்து போன் வந்தது. அம்மா போய்விட்டாள், நெஞ்சுவலி, நீங்கள் உடனே வரவேண்டும் என்றாள். அன்று வியாழக்கிழமை இல்லை. வேதமூர்த்தி சார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். நான் மட்டும் போனேன்.

வாசலில் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் மூன்று குடம் தண்ணீர். பெண்கள் சுற்றி நின்றார்கள், யாரும் குடத்தைத் தொடவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செல்வி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்க வூட்ல கடைசியா ஏரித் தண்ணி ஊத்திதாம்மா எடுப்போம். எங்கம்மா சொல்லிட்டுப் பூட்டுது. தண்ணி என் மேல பட்டா சத்தியம் பூடும், டாக்டரம்மா வந்து பாத்து, வலி போச்சுன்னு அவங்க வாயால சொன்னாதான் ஊத்தணும், இல்லன்னா பைப்புத் தண்ணியே போதும்னு. நீங்க பாத்து சொல்லுங்கம்மா."

பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன். புடவையை விலக்கி இரண்டு முட்டியின்மேலும் கையை வைத்தேன். நறநறப்பு கேட்க மடக்கிப் பார்க்க வேண்டும். மடக்கவில்லை. வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன், நடுவில் அந்த வட்டத் தழும்பு அப்படியே இருந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வலி போயிடுச்சு" என்றேன். "ஊத்துங்க."

செல்வி முதல் குடத்தைத் தூக்கி, தலையில் ஊற்றாமல், முட்டியில் ஊற்றினாள்.